வஞ்சிருவின்ரை முருங்கையிலை

என்ரை கிழவி யோசப்பினுக்கு,

மாதா உன்னைக் காக்க. முழங்கால் நோ எப்பிடி? வாய் வழமைபோலைதானே? நான் சுகம்.

ஒரு வெக்கக்கேடு. ஆபிரிக்காவிலை அழியிற மரங்களைக் காக்க அதுகளின்ரை மரபணுவைப் படிக்கிற இடத்திலைதானே கூட்டித் துடைக்கிறன்? அங்கத்தைக் குசினிப் பிரிட்ஜிலை முருங்கையிலை கிடந்துது. ஆரும் தேடாத சாமானெண்டு கொண்டுபோய் வறை வறுத்துத் திண்டிட்டன். அது எங்கடை வளவு முருங்கையில்லை, அழியிற காட்டுச்சாதியாம்; அங்கை ஆராய்ச்சி செய்யிற கென்யாப் பிள்ளை வஞ்சிரு மலையேறி ஆய்ஞ்சதாம். ஆய்வுப் பிரிட்ஜ் பழுதெண்டு அங்கை வைச்சவள். அந்த மரம் இனி மழைக்குத்தான் துளிர்க்குமாம். அதுவரை மரம் நிக்குமோ தெரியாதாம்.

போய்ச் சொன்னன். அவள் ஏசேல்லை. "ருசியோ, அப்பு?" எண்டு மட்டும் கேட்டாள். தேங்காய்ப்பூ குறைவெண்டு சொல்ல வந்த பகிடியை விட்டிட்டு, அவளின்ரை மேசையைத் துடைக்கத் தொடங்கினன்.

கறித்தூள் அனுப்பு. அவளுக்குப் பனங்கட்டியும் வை. முருங்கையிலை மட்டும் வேண்டாம், இனி இறங்காது.

பஸ் வருது.

சவிரியான்