சைவம் என்று எழுதியது நான்

டிசம்பர் 3, செவ்வாய். பதுளை.

தூறல், பனி. ஹட்டன் பிளாட்பாரத்தில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை. ரயில் வழக்கம்போலத் தாமதம். நின்று நின்று கால் விறைத்துப்போனது.

கென்டீன் பெட்டிக்குப் புதுக் கொந்தராத்துக்காரர். ஆட்கள் மாறவில்லை. சுப்பவைசர் அதே நுவன். என் வேலையும் அதேதான்: ஹட்டனில் ஏறி பதுளை வரை, இங்கே தங்கல், நாளை இறங்குகிற ரயிலில் ஹட்டன். வெள்ளைக்காரர்கள் நெருக்கியடிக்கிற பகுதி இது என்பதால் இந்தத் தூரத்துக்கு மட்டும் நான் கூடுதல் ஆள்.

மெனுதான் தலைகீழ்.

போனவை: பருப்பு வடை, மீன் பணிஸ், முட்டை ரோல்ஸ், சோற்றுப் பார்சல்.

வந்தவை: பெட்டியில் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டசம்பலும். டெவில் கடலை. கேக். மூன்று வகைக் காப்பி (மூன்றும் எனக்கு ஒரே மணம்).

தப்பியது: பால் விடாத பிளேன்டீ. ஆனால் பேப்பர் கப், நூல் கட்டிய பை. இரண்டு பக்கமும் தேயிலையாக இருக்கிற பாதையில் இப்படி ஒரு டீ.

தலவாக்கலையில் இறங்கிய அம்மா ஒருவர்: "வடை இல்லாம என்னா கென்டீன்? பொட்டிக்குள்ள என்னாத்த வச்சிருக்கீங்க, நகையா?" சிரித்து வைத்தேன்.

புது மெனு அட்டை மூன்று மொழியில். தமிழும் இருக்கிறதே என்று ஆசையாக எடுத்துப் பார்த்தால்: டெவில் கடலை, "பிசாசுக் கடலை". பிளேன்டீ, "சமவெளித் தேநீர்". மலைமேல் ஓடுகிற ரயிலில்! ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம், அதன் கீழே "காய்கறி மனிதர்களுக்கு". வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தால்தானே இப்படி எழுதத் தோன்றும்.

நுவனிடம் சொன்னேன். சிங்களத்தில் சொன்னார்: "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க அக்கே. மறுபடி அடிச்சிரலாம்."

வீட்டுக்குப் போன். சாமி எடுத்தார். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டார். அன்றிலிருந்து இவர் எனக்குச் சாமி, நான் இவருக்குச் சாமி. கல்யாணம் கட்டிய நாள்முதல் கிடைக்காத மரியாதை எல்லாம் இந்த மாலையால் கிடைக்கிறது. பார் பக்கம் போகவில்லை. சட்டி பறக்கவில்லை. சரண்யா ஏ.எல். பரீட்சைக்கு வாய்விட்டுப் படிக்கிறாள். அப்பா வருகிற சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூலைக்குப் போகிற பிள்ளை அது.

டிசம்பர் 4, புதன்.

வீடு. வெயில் எட்டிப் பார்த்தது. துணி பாதி காய்ந்தது.

தமிழ் எழுதி முடித்தேன். டெவில் கடலை: "காரக் கடலை". பிளேன்டீயோடுதான் மல்லுக்கட்டு. "வெறுந்தேநீர்" என்று எழுதினேன், யாருக்கோ தண்டனை கொடுத்தது மாதிரி இருந்தது. அடித்துவிட்டு "பிளேன்டீ" என்றே போட்டேன். நாம் கேட்பது அப்படித்தானே.

பச்சை இலைக்கு ஒரே சொல்: "சைவம்". யோசிக்கவே இல்லை.

டிசம்பர் 7, சனி.

மழை. தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் இன்னொரு ஓட்டை. வாளி வைத்தாயிற்று.

அட்டை வந்துவிட்டது! பிளாஸ்டிக் உறை போட்டு, பளபளவென்று. என் சொல் அச்சில். யாருக்கும் தெரியாது நான் எழுதியது என்று, ஆனால் எனக்குத் தெரியும். நேற்றுப் பயணம் முழுக்க யாராவது தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கிறார்களா என்று கண்ணை அங்கேயே வைத்திருந்தேன். நானுஓயாவில் ஒரு சின்னப் பெண் "கா-ர-க் க-ட-லை" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். போதும்.

வீட்டுக்கு ஓர் அட்டை, மீந்துபோன ரொட்டிப் பெட்டி இரண்டு. சாமி அட்டையை வாங்கிக்கொண்டு லயம் முழுக்க ஒரு சுற்று. "எங்க வீட்டுச் சாமி எழுதினது. ரயில்லயே இனி சைவம்." அவர்கள் குழுவுக்குக் குருசாமி, டிக்கோயா பஸ் கண்டக்டர். அவரிடமும் காட்டினாராம். கொழும்புக்கு வேனில் போவதா ரயிலில் போவதா என்று இழுத்துக்கொண்டிருந்தது முடிந்தது: பதினாலாம் தேதி, ரயில். அங்கிருந்து விமானம், பிறகு சபரிமலை.

சாப்பாடு: சரண்யா ரொட்டியைச் சீனி தொட்டுத் தின்றாள். நானும் அப்படியே. சம்பல் இரண்டு கிண்ணமும் சாமிக்கு. வழித்துச் சாப்பிட்டார். "நல்லா இருக்கு சாமி" என்றார். மனம் நிறைந்துபோனது.

டிசம்பர் 10, செவ்வாய். பதுளை.

படுத்தும் தூக்கம் வரவில்லை, எழுந்து எழுதுகிறேன். 

யாழ்ப்பாணத்து டீச்சரம்மா ஒருவர், எல்ல என்ற ஊரைப் பார்க்கப் போகிறவர், ரொட்டிப் பெட்டி வாங்கினார். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தோடு வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, சைவமெண்டு போட்டிருக்கிறியள். உள்ளுக்க மாசியெல்லோ கிடக்கு."

கரண்டி முனையில் காட்டினார். இடித்த மாசி. காய்ந்த மீன்.

சம்பல் கொழும்பிலிருந்து மூடி ஒட்டிய கிண்ணத்தில் வருகிறது. இதுவரை ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. இன்றைக்கு மூன்றைத் திறந்தேன். மூன்றிலும் மாசி.

நுவனிடம் போனேன். அவர் முழித்தார். "மாசி மீனா அக்கே? அது ருசிக்குப் போடுறதுதானே. எங்க வீட்டுல மரக்கறிக்கும் போடுவாங்க." கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு அது மீன் இல்லை. உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சாமான். அட்டையை மாற்றச் சொன்னேன். அடுத்த தடவை அடிக்கும்போது பார்க்கலாமாம். இலைப் படம் வெள்ளைக்காரர்களுக்காகப் போட்டது, அவர்கள் யாரும் கேட்கவில்லையே என்றார்.

ஆனால் "சைவம்" என்பது இலைப் படம் இல்லை. அது நான் எழுதிய சொல்.

அதைவிடப் பெரியது ஒன்று. மாலை போட்டவருக்கு என் கையாலேயே மாசி கொடுத்திருக்கிறேன். இரண்டு கிண்ணம். எதிரே உட்கார்ந்து, ருசியா இருக்கா என்று வேறு கேட்டேன்.

டிசம்பர் 11, புதன்.

குளிர். வீடு.

சொல்லலாம் என்றுதான் வந்தேன். வாசலில் காலை வைக்கும்போதே சாமியும் சரண்யாவும் சிரிக்கிற சத்தம். அவள் ஏதோ இங்கிலீஷ் சொல்லைச் சொல்லச் சொல்கிறாள், இவருக்கு நாக்குப் புரளவில்லை. போன வருஷம் இதே மாதத்தில் அந்தப் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிச் சாக்கடைக் கானுக்குள் போட்டவர்.

வாயை மூடிக்கொண்டேன்.

இவரை எனக்குத் தெரியும். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். முன்னே ஒருதடவை முருகன் கோயிலில் சத்தியம் பண்ணி நிறுத்தினார். யாரோ சோடாவில் பியர் கலந்து கொடுத்துவிட்டார்கள். "அதான் கெட்டுப்போச்சுல்ல" என்று அன்றைக்கே ஆரம்பித்தது. விரதம் முறிந்துபோயிற்று என்று தெரிந்தால் மாலையைக் கழற்றுவார். கழற்றினால் நேரே ஹட்டன் பார்தான்.

சுற்றி வளைத்துச் சொன்னேன்: "ரயில் சாப்பாட்ட நம்பிப் போகாதீங்க சாமி. கட்டுச்சோறு எடுத்துட்டுப் போங்க."

"சரி சாமி. குருசாமி வீட்டுல கட்டச் சொல்லிர்றேன்."

அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பெரிய பாரம் இறங்கிற்று. இனி நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

சரண்யாவுக்கு நீலப் பேனை. மண்ணெண்ணெய். பதுளைக்குக் கம்பளிச் சட்டை, மறக்கக்கூடாது.

டிசம்பர் 13, வெள்ளி. பதுளை.

கார்த்திகைத் தீபம். ரயிலிலிருந்து பார்த்தால் லயங்களில் வரிசையாக விளக்கு. அழகுதான். மனம் ஒட்டவில்லை.

கொட்டகலையில் ஒரு குடும்பம் ஏறியது. அவர்கள் மகனுக்கும் மாலை. கழுத்தைவிட மாலை பெரிது. அந்த அம்மா அட்டையைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "சைவந்தானே தங்கச்சி? கன்னிச்சாமி, மொத மாலை. அதான் கேட்டுக்கிறேன்."

நுவன் பக்கத்திலேயே நிற்கிறார். "ரொட்டிய மட்டும் குடுங்க, சம்பல் உறைப்பு" என்றேன். அந்த அம்மா நன்றி வேறு சொன்னார்.

இந்த மாதம் ரயில் முழுக்கக் கறுப்பு வேட்டி. எத்தனை பேரிடம் உறைப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பேன்? நான் இல்லாத ரயிலில் யார் சொல்வார்கள்? என் வீட்டு நிம்மதிக்காக மற்றவர்கள் பிள்ளைகளின் விரதம் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். என்னைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

அட்டையில் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிடலாம். அடித்தால் நாளை ஹட்டனில் ஏறுகிற என் வீட்டுச் சாமி கண்ணில்தான் முதலில் படும். தன் குழுவுக்கு அட்டையைக் காட்டாமல் இருக்கவே மாட்டார்.

நாளைக்கு அவர் ஏறாத ரயிலாக இருந்திருக்கக்கூடாதா.

பதுளைக் கடையில் மார்க்கர் பேனை ஒன்று வாங்கினேன். கறுப்பு.

டிசம்பர் 14, சனி.

காலையில் நல்ல வெயில். அப்புத்தளை தாண்டினதும் பனி.

பட்டிப்பொல வரை பேனை பைக்குள்ளேயே. நானுஓயாவில் கூட்டம், நேரமில்லை (நேரம் இருந்தது). தலவாக்கலை தாண்டியதும் அட்டைகளைச் சேர்த்து எடுத்து, ஒவ்வொன்றிலும் "சைவம்" மேல் கோடு. பக்கத்தில்: "சம்பலில் மாசி உண்டு". ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணல்.

கொட்டகலையில் நுவன் பார்த்துவிட்டார். கத்தவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொந்தராத்துக்காரர் கேட்டா நான் என்னா சொல்ல அக்கே?" நான் செய்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். அடுத்த வாரம் வரவேண்டாமாம், அவரே கூப்பிடுவாராம். கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். என் வீட்டுக்காரர் குடித்த காலமெல்லாம் அடுப்பெரிந்தது இந்தச் சம்பளத்தில்தான்.

ஹட்டன். நான் இறங்கினேன், அவர்கள் ஏறினார்கள். சரண கோஷம், அதைப் படம் பிடிக்கிற வெள்ளைக்காரர்கள். சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது முறை. சாமி என்னைப் பார்த்துக் கைகூப்பினார், நானும். எல்லோரையும் முந்திக்கொண்டு கென்டீன் பெட்டியில்தான் ஏறினார். பிடித்து இழுக்கவேண்டும் போல இருந்தது.

டிக்கோயா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது போன்.

"அட்டையப் பாத்தேன் சாமி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு வீட்டுக்குக் கொண்டாந்ததும் இதுதானே?"

"அதேதான். சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது சாமி."

"எனக்குத் தெரியும். வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. நீங்க எதிர்ல ஒக்காந்துக்கிட்டு அட்டையவும் என் மூஞ்சியவும் மாறி மாறிப் பாத்துச் சிரிச்சீங்க. அதான் முழுங்கிட்டேன். மறுநாளு குருசாமிகிட்ட சொன்னேன். தலை முழுகிட்டு, மறுபடி சரணம் சொல்லிக் கும்புடச் சொன்னாரு. கும்புட்டேன்."

பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள். அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"அப்பவே ஏன் சொல்லல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொன்னா குடிச்சிருவேன்னா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. "ஆமா" என்றேன்.

 கோபப்படுவார் என்று நினைத்தேன். மெல்ல, பக்கத்துச் சாமிகளுக்குக் கேட்காத குரலில்:

"நான் ஒங்ககிட்ட சொல்லாததும் அதுக்குத்தான். இது போதும்டா, போய்க் குடின்னு மனசு அன்னைக்குப் பூரா கேட்டுச்சு. அன்னைக்கே வாய்விட்டுச் சொன்னா எந்திரிச்சுப் பாருக்குப் போயிருவேன்னு பயமா இருந்துச்சு."

ரயில் வட்டவளைப் பக்கம் போயிருக்கும், போன் லைன் போய்விட்டது.