நெல்சியின் காகிதம்

மார்ச் 6, 2011, ஞாயிறு

துரோன்ட்ஹெய்ம். நாளை விமானம். பொகோட்டாவிலும் குளிரும் என்று யாரோ சொன்னார்களாம், பத்து மாதக் குழந்தைக்கு ஸ்டைனார் ஐந்து ஜோடி கம்பளி உள்ளாடை எடுத்து வைத்திருக்கிறான். நான் அகராதியை வைத்தேன். இரண்டு குளிர்காலம், செவ்வாய்தோறும், ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனவள் நான். அவன் பனிச்சறுக்கு விளையாடப் போனான். "நீ கத்துக்கிட்டா போதும், நமக்காகத்தானே" என்றான்.

தத்தெடுக்க நான்கு வருடக் காத்திருப்பு. யுரானி என்று பெயர். பெயரை மாற்றப் போவதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். முதலில் என் கைக்குத்தான் வருவாள். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 10, வியாழன்

வந்தாள். என் கைக்கு இல்லை.

தத்து கொடுக்கும் அலுவலகத்தில் மஞ்சள் பலூன் கட்டி வைத்திருந்தார்கள். அலுவலகத்து அம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் நான் இரண்டு கையையும் நீட்டினேன். நாலு வருடமாக மனதுக்குள் நீட்டிப் பார்த்த கைகள். அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். ஸ்டைனாரின் தாடியைப் பார்த்தாள். அப்படியே அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள். தாடியை ஒரு பிடி பிடித்தாள், அவன் அழுதான், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்தப் பத்து மாதமும் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் நெல்சி என்பவள். பிறந்த நான்காம் நாளிலிருந்து அவளிடம்தான் இருந்திருக்கிறாள். குழந்தையைக் கொடுக்கும் நேரத்தில் அவள் வரக்கூடாது என்பது இங்கே வழக்கம். காலையில் குழந்தையையும் ஒரு பையையும் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாளாம். பையை என்னிடம் தந்தார்கள், எனக்குத்தானே ஸ்பானிஷ் தெரியும். மூன்று சட்டை, ஒரு பால் புட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம்.

விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் படித்தேன். நீல மையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து. எண் போட்டு பதினோரு வரி. ஒன்று: பால் குடிக்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, வெளிப்பக்கம் பார்த்து உட்கார வைங்க. நான்கு: வீட்டில் சத்தம் இருக்கட்டும், ரேடியோ போடுங்க, சத்தம் இல்லேன்னா யாருமே இல்லேன்னு பயப்படுவா. ஏழு: இடது காதைத் தேய்ச்சு விட்டா தூங்கிடுவா. ஒன்பது: தாடி பிடிக்கும், எங்க வீட்டுக்காரருக்குத் தாடி உண்டு.

பதினொன்று: கொஞ்ச நாள் என்னைத் தேடுவா. தேடினா கோபப்படாதீங்க.

அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தேன். இவள் யார், எனக்குச் சொல்ல? காகிதத்தை இந்த நாட்குறிப்புக்குள் வைத்தேன். நாளை ஸ்டைனாரிடம் காட்டலாம்.

மார்ச் 11, வெள்ளி

மூன்று முறை அழுதாள். மூன்று முறையும் அவன் தூக்கித்தான் ஓய்ந்தாள்.

மார்ச் 13, ஞாயிறு

குழந்தை தூங்க அமைதி வேண்டும் என்று விடுதிக்குள் கம்பளிக் காலுறையோடு பூனை மாதிரி நடக்கிறோம். கதவைக் கூட மூடுவதில்லை, பிடித்து வைக்கிறோம். அவளோ வீறிடுகிறாள். இன்று ஸ்டைனார் நம் ஊர் வழக்கப்படி அவளைப் போர்த்தித் தள்ளுவண்டியில் போட்டு மாடி முகப்பில் தூங்க விட்டான். சுத்தக் காற்றில் தூங்காத குழந்தை எது?

கீழ் வீட்டிலிருந்து விடுதிக்காரி அம்பாரோ மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"ஏம்மா, புள்ளைய வெளியில போட்டிருக்கீங்களே, என்ன தப்பு பண்ணிச்சு அது?"

எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பனியிலேயே வெளியில்தான் தூங்கும் என்று விளக்கினேன். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு குழந்தையை உள்ளே எடுத்து யாரிடம் கொடுத்தாள்? ஸ்டைனாரிடம். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

நான்காவது வரி எனக்குத் தெரியும். சத்தம் வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அவன் மடியில் அவள் சமாதானமாவதற்கு நான் ஏன் வழி சொல்ல வேண்டும்? எழுதியதைப் படித்தால் எனக்கே கூசுகிறது. ஆனாலும் சொல்லவில்லை.

மார்ச் 14, திங்கள்

ஸ்டைனார் டயப்பர் வாங்கப் போயிருந்தான். கதவு சாத்தியதும் ரேடியோவைத் திருகினேன். யாரோ கால்பந்துப் போட்டியை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாலைச் சூடாக்கி, அவளை என் மடியில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம். புட்டி முழுவதும் குடித்தாள். இடது காதைத் தேய்த்தேன். என் கைமேல் தலை சாய்ந்தது.

அவன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எப்படிப் பண்ணினே?"

"அம்மா இல்லையா. தானா வரும்" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவன் நம்பினான், அதுதான் இன்னும் மோசம்.

மார்ச் 16, புதன்

நாள் முழுக்க என் மடி. ஆனால் பால் குடித்து முடித்ததும் திரும்பி அவன் தாடியைத் தேடுகிறாள். அந்த நேரம் அவன் முகத்தில் வரும் வெளிச்சம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆம், பொறாமைதான், வேறு பெயர் எதற்கு.

மார்ச் 18, வெள்ளி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அவனிடம் சொன்னேன், தாடி குத்தி அவள் கன்னம் சிவந்திருக்கிறது என்று. கன்னம் சிவந்தது இங்கத்திய வெயிலில். "ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று குளியலறைக்குப் போனான். பதினைந்து வருடத் தாடி. எங்கள் திருமணப் படத்தில்கூட இருக்கிறது. வெளியே வந்தபோது மோவாய் வெள்ளை வெளேரென்று, யாரோ போல் இருந்தான். குழந்தையிடம் கை நீட்டினான். அவள் ஒரு கணம் பார்த்தாள், வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் மறுபடி நெருங்கினான், உள்ளங்கையால் அவன் மூக்கைத் தள்ளினாள்.

முதல் முறையாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஐந்து நிமிடம்.

மார்ச் 20, ஞாயிறு

இரண்டு நாளாக ஸ்டைனார் பாத்திரம் கழுவுகிறான், துணி காயப் போடுகிறான், மாடி முகப்பில் போய் உட்கார்ந்து மோவாயைத் தடவுகிறான். குழந்தை அழும்போது எழுந்திருப்பதில்லை. "உங்கிட்டதான் அடங்குறா, நீயே போ. நான் வந்தா கெடுத்துடுவேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

மதியம் அவள் தூங்கும்போது காகிதத்தை எடுத்து அவன் முன் வைத்தேன். ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒன்பதாவது வரியைத் தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னேன்.

காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அவனுக்குப் படிக்கத் தெரியாத காகிதம்.

"எப்ப கெடச்சது?"

"முதல் நாளே."

"தாடி வளந்துடும், தோருன். இந்த ரெண்டு நாளும் நான் எதுக்கும் ஒதவாதவன், அவ அழுதா நிறுத்தத் தெரியாத அப்பன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அத என்ன பண்றது?"

பொறாமை என்றேன். அது தனக்குத் தெரியும் என்றான். தெரிந்துகொண்டே தாடியை எடுத்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 21, திங்கள்

அவன் பேசவில்லை. ரேடியோ பேசுகிறது. யுரானி நன்றாகத் தூங்குகிறாள்.

மார்ச் 24, வியாழன்

இன்று பேசினான். ஒரே விஷயம். அந்த அம்மாவை வரச் சொல்லிக் கேள், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். பதினோரு வரி எழுதியவளுக்கு நாம் ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவள் நான்தான், மொழி எனக்குத்தானே. போகும் வழியெல்லாம், முடியாது என்று சொல்லிவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டே போனேன். உடனே சம்மதித்துவிட்டார்கள்.

மார்ச் 29, செவ்வாய்

நெல்சி வந்தாள்.

வயதானவளாக நினைத்திருந்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். சமையல்கூடத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் வெங்காய வாசனை. யுரானி அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். எனக்கு நீட்டாத இரண்டு கை. நெல்சி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தூக்கக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. தூக்கினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"தூக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஸ்டைனார் என்னைப் பார்த்தபடி இருந்தான், ஆனால் ஸ்பானிஷில் அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"பேப்பர் கெடச்சுதா?" என்றாள்.

"கெடச்சுது. அது இல்லேன்னா எங்களால முடிஞ்சிருக்காது." இது உண்மை.

அரை முளைத்த தாடியைப் பார்த்து, எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு என்று சிரித்தாள். குழந்தையை ஸ்டைனார் மடியில் வைத்துவிட்டுக் காப்பி ஊற்ற நான் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நெல்சி குனிந்து, கையால் தொடாமல், யுரானியின் பிடரியில் உதட்டை வைத்து மெதுவாக ஊதினாள். குழந்தை சிரித்தாள். இந்த மூன்று வாரத்தில் ஒரு நாளும் நாங்கள் கேட்காத சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து.

நெல்சி நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"அத எழுத மறந்துட்டேன்" என்றாள்.

மறக்கவில்லை. பதினோரு வரியையும் ஒன்றுவிடாமல் எண் போட்டு எழுதியவள். அவளிடம் கோபப்பட வாயெடுத்தேன், வரவில்லை. இவளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. "தூக்குங்க" என்றேன். அழுதுகொண்டே தூக்கினாள். கொஞ்ச நேரம்தான்.

அவள் போன பிறகு நடந்ததை எல்லாம் ஸ்டைனாரிடம் சொன்னேன். பிடரியில் ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது அவளுடையது.

ஏப்ரல் 19, செவ்வாய்

நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. யுரானி எங்கள் மகள். முத்திரை குத்தும் சத்தத்துக்குச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 19, 2012, ஞாயிறு

துரோன்ட்ஹெய்ம். ஒரு வருடத்துக்கு மேல் எழுதவில்லை, நேரமில்லை, அது நல்ல காரணம்தான்.

நாளை பாலர் பள்ளியில் முதல் நாள். வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனோம். அவள் வகுப்பில் மாரென் என்று ஓர் ஆசிரியை, இருபத்திரண்டு வயதிருக்கும், நீளப் பின்னல். யுரானி நேராகப் போய் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். மாரென் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், எத்தனையோ நாள் பழகியவள் போல். யுரானியின் பெயரைச் சரியாகச் சொல்ல நான் மாரெனுக்குக் கற்றுக் கொடுத்தேன், மூன்று முறை, தேவையில்லாமல். ஸ்டைனார் என் முதுகில் கை வைத்தான். அவனுக்குத் தெரியும்.

குழந்தையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தூங்குவாள், எதற்கு அழுவாள், எது அவளைத் தேற்றும். அதன் கோடுகள் போதவில்லை, வேறு காகிதம் எடுத்து எண் போட்டு எழுதினேன். நெல்சி சொன்னவற்றில் இன்னும் மாறாதவை முதலில். சத்தம் இருக்கட்டும், வெளியே தள்ளுவண்டியில் தூங்க வைத்தாலும் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருங்கள். இடது காது. பிறகு எங்களுடையவை: பழுப்புப் பாலாடைக்கட்டி மெல்லிய சீவலாக, தடித்தால் துப்புவாள். காலணியைத் தானே போட வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். கடைசியாக, எங்களைத் தேடுவாள், தேடினால் தேடட்டும். மொத்தம் பதினான்கு.

ஸ்டைனார் தாடியைத் தடவிக்கொண்டே என் தோளுக்குமேல் படித்தான். ஒவ்வொரு மாலையும் நானும் அவளும் ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. கம்பளிக் காலுறையின் நுனியை அவள் நீட்டுவாள், நான் இழுப்பேன், அது கழன்று வரும்போது நான் பயந்து பின்னால் விழ வேண்டும். விக்கல் வரும்வரை சிரிப்பாள்.

"காலுறை ஆட்டத்த எழுதலியே?" என்றான்.

"மறந்துட்டேன்" என்றேன்.

அவன் பேனாவை எடுத்து மூடியைப் போட்டான். காகிதத்தை மடித்து அவளுடைய பைக்குள் வைத்தான்.