புதுத் தண்ணீரும் கழிப்பறை வாசலும்

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? என் வயிறு சரியாகிவிட்டது, பயப்படாதீர்கள்.

எங்கள் தையல் கூடத்தில் புது மினரல் வாட்டர் கேன் வைத்தார்கள். மெக்னீசியம் அதிகமாம், மலச்சிக்கலுக்கு நல்லதாம். குடித்த எங்களுக்கோ வயிற்றுப்போக்கு. சூப்பர்வைசர் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா, உள்ளேயே குடித்தனமா? இன்னொரு தடவை போனா வேலை கிடையாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தத் தண்ணியை நீங்க குடிங்க சார்" என்று டம்ளரை நீட்டினேன்.

"எனக்கு ஒத்துக்காதும்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டோம். மாலைக்குள் கேன் மாறியது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கொஞ்சம் ஓமம் அனுப்புங்கள். பொட்டலத்தை நீங்களே கட்டுங்கள். உங்கள் முடிச்சை நிதானமாக அவிழ்ப்பேன்.