தனாயிலின் மில்

செப்டம்பர் 18, பிளோவ்திவ்

விடுப்பு கிடைத்துவிட்டது. பஸ் டிப்போவில் எல்லோரும் கடலுக்கா என்றார்கள். மலைக்கு என்றேன். நூலகத்து ஸ்தான்கா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "தேயாவோட மில்லைப் பாக்கப் போறியா ரூமியானா? அம்பது வயசுலயா? உடைஞ்சு ஒட்டின அந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?"

ஆமாம், இந்த இடுப்பை வைத்துக்கொண்டுதான்.

அநாதை இல்லத்தில் என் தலையணைக்கு அடியில் இருந்த ஒரே புத்தகம் தேயாவின் கதைதான். பனிப்புயலில் தம்பியை முதுகில் சுமந்துவரும் தேயா, மாவு மில்லின் கதவைத் தட்டுவாள். மில்காரன் தனாயில் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போடுவான். அவள் அழமாட்டாள். அடுத்த வீட்டை நோக்கி நடப்பாள்.

அந்த மில் நிஜமாகவே இருக்கிறது. அந்தக் கதவை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

செப்டம்பர் 21

மில்லுக்குப் போகும் பாதையின் குறுக்கே சங்கிலி. அந்தப் பக்கம் ஒரு நாய். நாய்க்குப் பின்னால், உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி.

"புத்தகமா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"திரும்பிப் போ."

தங்கியிருக்கும் விடுதியில் விசாரித்தேன். அவள் பெயர் வெலிச்கா. மில்காரரின் மகள். புத்தகத்தை எழுதியவர் ஒரு கோடையில் இந்த ஊரில் தங்கியிருந்தாராம். மில்காரரின் பெயரைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டாராம்.

தனாயில் என்று ஒரு மனிதர் இருந்தார் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

செப்டம்பர் 22

மறுபடியும் போனேன். இன்று கொஞ்சம் பேசினாள்.

"எங்கப்பா சந்தைக்குப் போனா பிள்ளைங்க பின்னாடியே வந்து 'தாழ்ப்பாளு, தாழ்ப்பாளு'ன்னு கத்தும். கடைசியில சந்தைக்குப் போறதையே விட்டுட்டார். ஸ்கூல்ல அந்தப் பக்கத்தை என்னையே எழுப்பி வாசிக்கச் சொன்னாங்க, தெரியுமா?"

நான், கதைதானே அக்கா, என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பதிலை நாய்தான் சொன்னது.

செப்டம்பர் 23

ஊருக்குத் திரும்ப பஸ் வந்து நின்றது. ஏறவில்லை.

செப்டம்பர் 24

காலையிலிருந்தே மேகம் திரண்டிருந்தது. தோண்டிப்போட்ட கிழங்கெல்லாம் வெலிச்காவின் வயலில் அப்படியே கிடந்தது. ஒற்றை ஆள் என்ன செய்வாள்? சங்கிலியைத் தாண்டிப் போய்ப் பொறுக்க ஆரம்பித்தேன். நாய் என்ன நினைத்ததோ, குரைக்கவில்லை.

"மில்லைக் காட்டுவேன்னு நெனச்சுச் செய்யாதே," என்றாள்.

"காட்ட வேண்டாம். மழை வருது, சாக்கைப் பிடிங்க."

குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பில் ஊசி குத்தியது. விடவில்லை. கடைசிச் சாக்கை உள்ளே இழுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

அவித்த கிழங்கும் தயிரும் வைத்தாள். சாப்பிடும்போது கேட்டாள்: "அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் பிடிச்சுது உனக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கதவு மூடினதுதான் பிடிச்சுது அக்கா. எனக்கும் எல்லாக் கதவும் மூடித்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படி நடக்கறதுன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிக்குடுத்தா."

தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "செருப்பை மாட்டு," என்றாள்.

மழை விட்ட பாதை வழுக்கியது. என் முழங்கையை அவள் பிடித்துக்கொண்டாள். மில் சின்னது. புத்தகத்தில் அது மலை மாதிரி நின்றது. கதவைக் காட்டி, "தாழ்ப்பாள் எங்கேன்னு தேடு," என்றாள்.

தடவித் தடவிப் பார்த்தேன். பழைய ஓக் மரம், கறுத்துப்போயிருந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஆணி இறங்கிய தடம்கூட இல்லை.

"யாரு எந்நேரம் மூட்டையோட வருவாங்களோன்னு அப்பா தாழ்ப்பாளே வெக்கல. பனியில ஆடு மேய்க்கறவங்க வந்து படுத்துக்குவாங்க. காலையில அவங்களுக்கு ரொட்டி வேற."

அழுதேன். தேயாவுக்காகவா, தனாயிலுக்காகவா? தெரியவில்லை. அவள் என்னைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை.

அக்டோபர் 5, பிளோவ்திவ்

நூலகத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பவள் நான்தான். ஒரு ஞாயிறு வெலிச்காவை வரவழைக்கவேண்டும் என்று ஸ்தான்காவிடம் சொன்னேன்.

"பிள்ளைங்களோட கதையைக் கெடுக்காதேடி."

"கதை அப்படியே இருக்கட்டும். அந்த மனுஷனும் இருக்கட்டும்."

முடியாது என்றுவிட்டாள்.

அக்டோபர் 12

மறுபடி கேட்டேன். முடியாதாம்.

அக்டோபர் 19

ஸ்தான்கா ஒத்துக்கொண்டாள். "உன் தொல்லை தாங்காமத்தான்," என்றாள். எதற்காக இருந்தால் என்ன? இப்போது வெலிச்கா மாட்டேன் என்கிறாள். போனில் சொன்னாள்: "அந்தப் பிள்ளைங்க முகத்துல என்னால முழிக்க முடியாது."

"நான் வந்து கூட்டிட்டு வரேன்."

வைத்துவிட்டாள். போகத்தான் போகிறேன்.

நவம்பர் 9

வந்தாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். தாழ்ப்பாள் வரும் இடத்தில் அவளைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். முடிந்ததும் அவள் எழுந்தாள்.

"அந்த மில்காரர் எங்கப்பா. நிஜத்துல அவர் யாருக்கும் கதவை மூடினதில்ல." அவ்வளவுதான்.

யாராவது, அப்படியானால் புத்தகம் பொய்யா என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"உங்கப்பாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

வெலிச்கா என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"பூசணிக்கா," என்றாள். "அடுப்புல சுட்டது. ஓரமெல்லாம் தீஞ்சிருக்கணும்."

"தீஞ்சதையா?"

"தீயலைன்னா திருப்பி அடுப்புல வெச்சுருவார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்திருந்தன.