இடப்பக்கத்துச் சத்தம்

ஹெட்போனிலிருந்து காய்ந்த சந்தன மணம் வந்தபோது முதலில் உங்கள் நினைப்பு வரவில்லை. என் கை செய்த வேலைதான் நினைவுக்கு வந்தது.

ஆயுத பூசைக்கு நம் பேத்தியின் கம்ப்யூட்டரையும் சாமிக்கு முன்னால் வைத்தோம். எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். ஹெட்போனுக்கு வெளியே வைத்தால் கை பட்டு அழிந்துவிடும் என்று, காதில் பொருந்தும் குழிக்குள் தாராளமாக அப்பினேன். வலப்பக்கத்துக்கு வருவதற்குள் சந்தனம் முடிந்துவிட்டது.

நீங்கள் கண்ணை மூடும்போது அவள் தவழ்கிற பிள்ளை. இப்போது இணையத்தில் நாலு பேர் அணியாகச் சேர்ந்து விளையாடுகிறார்கள். சுவருக்கு அப்பால் எதிராளி நடந்தால் காலடி கேட்கும். அது எந்தப் பக்கம் என்று மற்ற மூவருக்கும் சொல்வது இவள் பொறுப்பு. கொழும்பில் இருக்கிற பிள்ளைகள்கூட என் பேத்தியின் காதை நம்பித்தான் நடக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பூசைக்குப் பிறகு அவள் சொன்ன பக்கமெல்லாம் பிழையாகிப்போனது. வலப்பக்கம் என்பாள், ஆள் இடப்பக்கத்தால் வந்து சுடுவான். ஒரு பின்னேரம் அணிப் பிள்ளையொருத்தி போனில் ஏசினாள். "நித்திரையில விளையாடுறியாடி? இனி வேற ஆளப் போடப்போறம்."

"நான் கேட்ட பக்கம்தான் சொன்னன்," என்றாள் நம் பேத்தி.

இந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அவள் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். விளையாட்டின் செட்டிங்கை எல்லாம் அழித்துத் திரும்பப் போட்டாள். பிறகு ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டினாள். அதுவரை இடக்காதில் குறைந்திருந்த சத்தம் இப்போது வலக்காதில் குறைந்தது. "அப்ப என்ட காதில பிழையில்ல அம்மம்மா, இதிலதான் பிழை," என்று அதை என் தலையில் சரியான பக்கமாக மாட்டிவிட்டாள்.

"ஒரு ஆள் நடக்கிறான். எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"இப்ப?"

"அதுவும் வலப்பக்கம்தான் புள்ள."

"ரெண்டு தரமும் இடப்பக்கம் அம்மம்மா!"

கழற்றி உள்ளே பார்த்தாள், மணந்து பார்த்தாள். "சாமிக்கு எண்டு என்ட காத அடைச்சுப் போட்டீங்களே அம்மம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஊசியால் சந்தனத்தைக் கிண்டி எடுத்தாள். அன்றே அணியிலும் திரும்பச் சேர்ந்துவிட்டாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

உங்கள் இடக்காது மந்தம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் சீழ் வடிந்ததாக மாமி சொன்னார். பஸ்ஸில் எப்போதும் உங்கள் வலப்பக்கத்தில்தான் இருப்பேன். ஒரு காது போனால் சத்தம் பாதியாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பக்கமே தொலைந்துபோகும் என்று தெரியாது.

அந்த மாரியில், நீட்டிய கை தெரியாத மழைக்குள், என் தம்பியின் தோணியில் நீங்கள் தனியே திரும்பி வந்தீர்கள். நான் துறையில் நின்று கத்தினேன். "இஞ்சால வாங்க, இஞ்சால!" "ஓம், வாறன்," என்று உங்கள் குரல் கேட்டது. ஆனால் துடுப்புச் சத்தம் தூரத் தூரப் போனது. யாரோ மீன் பிடிக்க ஆற்றில் அடித்திருந்த கம்புகளில் தோணி ஏறிப் பிளந்துவிட்டது. உங்களைக் கரைக்கு இழுத்து வந்தபோது பயமும் கோபமும் என் வாயில் ஒன்றாக வந்தன.

"குடிச்சிட்டுத்தான் தோணி விட்டிருக்காரு!"

குளிரில் நடுங்கிக்கொண்டு நீங்கள் சொன்னது இவ்வளவுதான். "நீ கூப்பிட்ட பக்கம்தான் வந்தன் புள்ள." துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி அதன் பிறகு உங்களைத் தன் தோணியில் ஏற்றவில்லை. வேறு யாரும் ஏற்றவில்லை. ஆற்றைவிட்டு, சாகும்வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றீர்கள். நானும் என் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு வீம்பு.

இன்று காலை துறைக்குப் போனேன். தம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று உரத்துச் சொன்னேன். "அண்டைக்கு அவர் குடிக்கல்ல. நான்தான் பொய் சொன்னன்."

தம்பி தலை நிமிரவில்லை. "தெரியும் அக்கா. மச்சானத் தூக்கினதே நான்தானே. வாயில மணமே இல்ல."

"பிறகேன்டா ஏத்தாம விட்ட?"

"பொண்டாட்டி நீயே சொன்ன பிறகு, நான் எப்பிடி ஏத்துற?"

நாலு பேருக்கு முன்னால் நின்றுவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்தேன். உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க இந்தத் தாளை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைக்கு இவ்வளவு தூரம் எழுத வந்தது. மன்னிப்பு என்று மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டிவிட்டேன். தம்பி கேட்ட கேள்விதான் என்னோடு இருக்கிறது.