டானிக் கொடுத்த தம்பிக்கு

டாக்டர் தம்பிக்கு,

கடிதத்தை 'அன்புள்ள' என்றுதான் தொடங்க வேண்டும் என்று கான்வென்டில் மதர் விரலில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு எழுதும்போது அந்தச் சொல் பேனாவை விட்டு இறங்க மறுக்கிறது. இங்கே அனைவரும் நலம். முக்கியமாக, நான் நலம். உங்களுக்குச் சங்கடமான செய்தி என்பதாலேயே அதை முதலில் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் போன பிறகு ஒரு வருடம் நீங்கள்தான் எனக்கு வைத்தியம் பார்த்தீர்கள். வந்ததும் நாடி பிடிப்பீர்கள். பிறகு என் மருமகளைப் பார்த்து, "அண்ணி சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?" என்று கேட்பீர்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், தம்பி. என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன அண்ணி, சௌக்கியந்தானே?" பதிலையும் உள்ளே மடித்து வைத்துக் கொடுத்த கேள்வி அது. அண்ணனின் மனைவியிடம் அதற்கு மேல் துருவுவது மரியாதை இல்லை என்று நினைத்தீர்கள். அந்த மரியாதை என்னைப் பாதிக் குழிக்குள் இறக்கிவிட்டது.

காலைப் பத்திரிகையில் பிழை கண்டால் சிவப்புப் பேனாவால் சுழிப்பவள் நான். அந்த வருடம் பத்திரிகை தன் பிழைகளோடு நிம்மதியாக வந்து போனது. நான் தலை வாரவில்லை. அடுப்பில் பால் வைத்ததை மறந்தேன். பேரனின் பெயர் நாக்கில் வராமல் நின்றது. நீங்கள் "வயசானா இப்படித்தான்" என்று சிவப்பு டானிக் எழுதினீர்கள். அப்புறம் கூடத்தில் நின்று என் மகனிடம், "அம்மாவுக்கு மூளை மங்க ஆரம்பிச்சிருச்சுப்பா. நல்ல முதியோர் இல்லமா பாத்து சேத்துடு" என்றீர்கள். என் அறைக்கதவு திறந்திருந்தது. மங்கிய மூளைக்கு அது மிகத் தெளிவாகக் கேட்டது.

பிறகு நீங்கள் மகள் வீட்டோடு போய்விட்டீர்கள். நீங்கள் எனக்குச் செய்த ஒரே நல்ல வைத்தியம் அதுதான். ரத்த அழுத்த மாத்திரை எழுதித்தர ஆளில்லாமல், தெருமுனையில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனார்கள். டோக்கன் வாங்கி மரபெஞ்சில் உட்காரும் இடம். அங்கிருக்கும் டாக்டர் பெண் என் பேத்தி வயதுதான் இருப்பாள். வழக்கம்போல் என் மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. எனக்கு அம்மாகிட்டதான் பேசணும்" என்று கதவைச் சாத்தினாள்.

வரிசையாகக் கேட்டாள். கடைசியாக, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "இருந்து என்ன ஆகப்போகுது, போயிட்டா நல்லதுன்னு தோணுதாம்மா?" என்றாள். என்னிடம் அப்படிக் கேட்க யாருக்கு என்ன துணிச்சல்! கோபமாகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. உங்கள் அண்ணனின் சாவுக்கு வராத அழுகை.

ரத்தமெல்லாம் பரிசோதித்துவிட்டு, இது மறதி நோய் இல்லை, மனச்சோர்வு, வயதானவர்களுக்கு அது மறதி வேஷத்திலும் வரும், குணமாகும் என்றாள். தினமும் ஒரு சின்ன மாத்திரை. வாரா வாரம் அங்கிருக்கும் நர்ஸ் போனில் அழைத்து அதே கேள்விகளைக் கேட்பாள். அவளுக்கு நான் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். மாத்திரை முதலில் வயிற்றைப் புரட்டியதே தவிர ஒரு பயனும் இல்லை. இன்ஸ்பெக்டரை அழைத்துத் திட்டினேன். "திட்ட தெம்பு வந்துடுச்சேம்மா! டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டச் சொல்றேன்" என்றாள். தினமும் மனசுக்குப் பிடித்த ஒரு காரியம் செய்ய வேண்டும், என்ன பிடிக்கும் என்றும் கேட்டாள். என் கொழுந்தனைப் பழிவாங்கப் பிடிக்கும் என்றேன். "தாராளமா வாங்குங்க. அதுக்கு முதல்ல எழுந்து குளிங்க" என்றாள்.

குளித்தேன். தெருமுனை வரை நடந்தேன். பேரனின் பெயர் திரும்பி வந்தது. இல்லத்துக்கு அனுப்பக் கட்டிய பெட்டியை என் மகனே பிரித்து அடுக்கினான். ஒரு துணியும் ஒழுங்காக மடிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மடிக்க வைத்தேன்.

இனி உங்கள் விஷயம். நேற்று உங்கள் மகள் போன் செய்தாள். என் ஓரகத்தி கண்ணை மூடிய நாள் முதல் அப்பா ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார், சவரம் செய்வதில்லை, தட்டு வைத்தபடியே திரும்புகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால், "நானே டாக்டர்மா, இது வயசு" என்கிறார் என்றாள். கைக்கடிகாரத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். தாத்தாவுக்கு எவ்வளவு தாராள மனசு என்று அவள் பெருமைப்பட்டாள். நான் பெருமைப்படவில்லை. அந்த வருடம் நானும் என் அகராதியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே என் பழி இதுதான். உங்கள் தெருவிலும் அப்படியொரு ஆஸ்பத்திரி இருக்கிறது. திங்கட்கிழமை காலை உங்கள் மகள் அழைத்துப் போவாள். நீங்கள் சவரம் செய்துகொண்டு, டோக்கன் வாங்கி, இருமுகிறவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும். டாக்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மகளை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு சின்னப் பெண்ணோ பையனோ கேட்கும் கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கம் பிடுங்கும். நன்றாகப் பிடுங்கட்டும். மாத்திரை கொடுத்தால் பத்து நாளில் நிறுத்திவிட்டு, கேட்கவில்லை என்று அளக்கக் கூடாது. நீங்கள் தேறும்வரை தூக்க மாத்திரை டப்பா உங்கள் மகளிடமே இருக்கும். அவளிடம் அதை நான்தான் சொன்னேன். கோபப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் நானே வருகிறேன், நீங்கள் படும் பாட்டைக் கண்ணாரப் பார்க்க. இதில் எழுதியது கொஞ்சம்தான். ஒரு வருடத்துக்கான வசவு என்னிடம் சேர்ந்து கிடக்கிறது. ஒரே மூச்சில் சொல்ல மாட்டேன். தினம் கொஞ்சமாக, பல வருடங்களுக்குச் சொல்வேன். அத்தனையையும் உட்கார்ந்து கேட்டு முடிக்கும்வரை நீங்கள் எங்கும் போக நான் அனுமதிக்கவில்லை.

நூறாண்டு இருங்கள்.

இன்னும் மன்னிக்காத,
அண்ணி