ஒரு விசாவுக்கு ஐந்து வேண்டுதல்

செந்தூல்,
28.2.2026

அன்பு மகன் திருச்செல்வத்துக்கு,

அம்மா புஷ்பவல்லி சொல்லச் சொல்ல உன் தங்கை தாமரை எழுதுவது. இங்கே நானும் தங்கையும் சுகம், என் கண் இரண்டும் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். அயர்லாந்துக் குளிரில் நீ சுகமாக இருக்க எல்லாச் சாமியும் துணை நிற்கட்டும், எல்லாச் சாமியும் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை, மேலே படி. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், போன வாரம் இடது கண். கண்ணாடி வர ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது. நீ அங்கே நோயாளிகளுக்கு ஊசி போடுகிறாய் என்று சொன்னால் இந்த அடுக்குமாடியில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், பள்ளியில் தடுப்பூசி போட வந்த அன்று கழிவறையில் ஒளிந்துகொண்டவன் நீ என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, உருளைக்கிழங்கையே மூன்று வேளையும் தின்னாதே. முக்கியமான விஷயம், உன் தலைமுடி. விசா கிடைத்தால் மொட்டை போடுகிறேன் என்று பத்துமலையில் வேண்டிக்கொண்டது நீ, கிடைத்ததும் டிசம்பரிலேயே விமானம் ஏறிவிட்டவனும் நீ. இப்போது அந்த முடி முருகனுடையது, பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வீடியோவில் பார்த்தால் நெற்றி வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. நீ திரும்பி வருவதற்குள் எல்லாம் கொட்டிவிட்டால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

உனக்காக நான் வேண்டியது நான்கு இடத்தில். பத்துமலைக்குப் பால்குடம். எதிர்வீட்டு ஆக்னஸ் ஒன்பது நாள் ஜெபம் செய்ததற்காக பிரிக்ஃபீல்ட்ஸ் மாதா கோயிலில் ஒன்பது மெழுகுவர்த்தி. கீழே சாப்பாட்டுக் கடை ஷாஹுல் ஹமீது பாய் துஆ கேட்டதற்காக நோன்புக் கஞ்சிக்கு ஒரு மூட்டை அரிசி. ஐந்தாம் மாடி ஆ லான் சொன்னாள் என்று புத்த விகாரையில் பிக்குகளுக்கு ஒரு நாள் சாப்பாடு. கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்கையும் தாமரைதான் போய் முடித்தாள். வாயைத் திறந்து பெயர் சொல்லவே வெட்கப்படுகிறவள் எப்படி முடித்தாள் என்று அவளே எழுதட்டும். ஆக்னஸ் சொட்டு மருந்து விடக் கூப்பிடுகிறாள், போய்விட்டு வருகிறேன்.

அண்ணா, இனி நான் எழுதுகிறேன். சொட்டு மருந்துக்கு ஐந்து நிமிடம், அம்மாவும் ஆக்னஸ் ஆன்டியும் பேச அரை மணி நேரம், அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல முடியாது, அம்மா எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அம்மா உனக்காக வேண்டிக்கொண்டபோதெல்லாம் நானும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் அல்லவா. நான் கேட்டது வேறு. அண்ணாவுக்கு விசா கிடைக்கக் கூடாது என்று கேட்டேன். நான்கு இடத்திலும் கேட்டேன். பாய் மாமா துஆவுக்குக் கையேந்தி நின்றபோது அவர் பின்னால் நின்று, அவருடைய ஆமீனிலேயே என்னுடையதையும் ஏற்றி அனுப்பினேன். நீ போய்விட்டால் கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று யார் சொல்வார்கள் என்று பயம். இத்தனை வருடமும் எனக்கு மைலோ ஐஸ் வேண்டும் என்று சொன்னதுகூட நீதான். நானாக வாய்விட்டு, மனதுக்குள்தான் என்றாலும், கேட்ட முதல் பொருள் அதுதான். உடனே கிடைத்தும்விட்டது. முதல் தடவை உனக்கு மறுத்துவிட்டார்கள். நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய், அம்மா உன் ஆறுதலுக்கென்று ஜவ்வரிசிப் பாயசம் வைத்தார், எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி தாள்களைத் திரட்டி அலைந்தது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் அம்மாவின் வேண்டுதல்களை முடிக்கப் போன இடத்திலெல்லாம், தப்பாகக் கேட்டதை எப்படி ரத்து செய்வது என்று விசாரிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். என் தோழி ஒருத்தி இப்படி வேண்டிக்கொண்டாள் என்று ஆரம்பிப்பது. எனக்குத் தோழியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

பத்துமலையில் யாரையும் கேட்க வழியில்லை, அந்தக் கூட்டத்தில் பால்குடம் தளும்பாமல் படியேறியதே பெரிது. பாதிப் பால் என் தலையில்தான் அபிஷேகம் ஆனது. மறுநாள் நம் பிள்ளையார் கோயிலில் கமலநாதன் குருக்களிடம் கேட்டேன். அவர் தேங்காய் உடைத்துக்கொண்டே, "முருகன் அப்பா மாதிரிம்மா, புள்ள கத்தியக் கேட்டா கைல குடுத்துருவாரா?" என்றார். கொடுத்துவிட்டாரே என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று விளக்கு போட்டு ஒன்பது சுற்றுச் சுற்று, மனசு லேசாகும் என்றார். சுற்றினேன். லேசாகவில்லை, தலைதான் சுற்றியது.

எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று அம்மா சொல்வார். போய்ப் பார்த்தவள் சொல்கிறேன், ஒன்றே இல்லை. ஓரிடத்தில் செருப்பைக் கழற்று என்கிறார்கள், இன்னோரிடத்தில் பழக்கதோஷத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய் உட்கார்ந்தால் ஆக்னஸ் ஆன்டி தலையில் அடித்துக்கொண்டு, "இது சர்ச்சு லா தாமரை, செருப்பை எவனாச்சும் எடுத்துட்டுப் போயிறப் போறான்" என்று என்னை எழுப்பி அனுப்புகிறார். ஓரிடத்தில் தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஓரிடத்தில் பூ வைத்துக்கொள்ள வேண்டும். பாய் மாமாவுக்கு இருட்டிய பிறகுதான் சாப்பாடு, பிக்குகளுக்கு உச்சிப் பொழுதோடு சாப்பாடு முடிந்துவிடும். இது தெரியாமல் நான் விகாரை வாசலில் கேரியரை வைத்துக்கொண்டு, யாரிடம் என்ன சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டே நின்றேன். உள்ளே போனபோது அவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள், இனி மறுநாள் காலைதான். ஆ லான் ஆன்டி ஓடி வந்து, "ஐயோ அமோய், சாமி மாக்கான் ஹாபிஸ் லா, சாப்பிட்டு முடிச்சாச்சு! நாளைக்கு வெக்கத்த வீட்ல வச்சிட்டு வா" என்றார். சாம்பாரும் கூட்டும் அங்கே பெருக்குகிறவர்களுக்குப் போனது, மறுநாள் பத்தரை மணிக்கே புதிதாகச் சமைத்துக்கொண்டு போய் நின்றேன். அங்கே என் தோழியின் கதையைச் சொன்னதும் ஒரு வயதான பிக்கு சிரித்தார், புத்தர் விசா ஆபீஸர் இல்லை, இங்கே கேட்டதையும் யாரும் எடுத்துப் போகவில்லை என்றார். ஆனால் கெட்ட எண்ணம் முதலில் சுடுவது எண்ணியவரைத்தானாம், அதனால் தினமும் காலையில், தோழி யாருக்கு எதிராகக் கேட்டாளோ அவர் நலமாக இருக்கட்டும் என்று மனதாரச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன். முதல் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், இப்போது பரவாயில்லை.

சாம்பல் புதன் அன்று ஆக்னஸ் ஆன்டி நெற்றியில் சாம்பலில் சிலுவை போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவால் சரியாகப் பார்க்க முடியவில்லை, "என்னடி ஆக்னஸ், நீயும் விபூதி பூச ஆரம்பிச்சிட்டியா?" என்றார். நீயும் மண்ணுதான்னு வருசத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு ஞாபகப்படுத்தணும், நீங்க தினமும் பூசியும் மறந்துதான் போறீங்க என்று ஆன்டி திருப்பிக் கொடுத்தார். அம்மா உள்ளே போனதும் அவரிடமும் தோழியைப் பற்றிக் கேட்டேன். ஞானஸ்நானம் வாங்கியவள் என்றால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், ஆனால் யாரோடு மனத்தாங்கலோ அவரோடு முதலில் சமாதானம் செய்துகொண்டுதான் பீடத்தில் காணிக்கை வைக்க வேண்டும் என்றார். நான் ஒன்பது மெழுகுவர்த்தியையும் ஏற்றி வைத்த பிறகு இதைச் சொல்கிறார்.

பாய் மாமா கடையில் எனக்கு இப்போது பதவி உயர்வு. முன்பு பொட்டலம் மட்டும் கட்டினேன், நோன்பு மாதத்தில் பாய் மாமா எதையும் வாயில் வைக்காததால் உப்பு பார்க்கும் வேலையும் என்னுடையது. நேற்று வெள்ளிக்கிழமை, அம்மா கொடுத்த அரிசியில் ஆட்டுக்கறி போட்டுச் சூராவுக்கு, அதான் மாமா தொழப் போகிற சின்னப் பள்ளிவாசலுக்கு, கஞ்சி கொதிக்கிறது. மாமா நோன்பு. எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். அந்த நேரம் கடைக்கு வந்த ஆக்னஸ் ஆன்டியைக் கேட்டால் தவக்காலத்து வெள்ளி, கறி கூடாது என்கிறார். ஒரு பானை கஞ்சியைச் சுற்றி மூன்று பேர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறோம். கடைசியில் நான் ஐந்து மாடி ஏறிப்போய் ஆ லான் ஆன்டியைக் கூப்பிட்டு வந்தேன், அவருக்கு மாட்டுக்கறி மட்டும்தான் ஆகாது. ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "உப்பே இல்ல பாய், இதக் குடிச்சா உங்க ஆளுங்க மறுபடி நோன்பு வச்சிருவாங்க" என்றார்.

எல்லாரும் போன பிறகு பாய் மாமாவிடமும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலேயே கஞ்சியைக் கிண்டிக்கொண்டு, "அந்தத் தோழி நம்ம கடையிலதான் பொட்டலம் கட்டுதா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்ப அல்லாஹ் மன்னிப்பான் புள்ள. மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்கிட்டதான் மாப்பு கேக்கணும். அண்ணனுக்கு எழுது" என்றார். விசாவை நிறுத்தியது என் வேண்டுதலா என்று கேட்டதற்கு, அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஆனால் நீ நினைத்தது உனக்குத் தெரியுமே என்றார்.

செருப்பில் ஒத்துப்போகாதவர்கள், நேரத்தில் ஒத்துப்போகாதவர்கள், சாமி உண்டா என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் எனக்கு எதிராக ஏறக்குறைய ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அதனால் கேட்கிறேன். மாப்பு செய்துவிடு அண்ணா. நீ போனதில் இப்போதும் எனக்குச் சந்தோஷம் இல்லை, ஆனால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது பொய் இல்லை. இதற்குப் பதில் கடிதம் எழுதாதே, எழுதினால் அம்மா யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வார். மன்னித்துவிட்டாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, "போனைத் தாமரைகிட்டக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னதே இல்லை, நான் பேச மாட்டேன் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை பேசுகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை, மைலோ ஐஸ் நானே கேட்டு வாங்கினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா வந்துவிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார், கஞ்சிக் கதையைப் படித்தேன், கண்ணைத் துடைக்கக்கூடாது என்பதை மறந்து சிரித்தார். இனி அவர் சொல்வது. இந்தக் கடிதத்தை உன் நண்பன் பரமேஸ்வரன் அங்கே வரும்போது கொண்டு வருகிறான், மிளகாய்த் தூள் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும். தூளை அந்த நாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துப் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே. ஆயுசோடும் நல்ல பெயரோடும் இரு, உன் கை படுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். தங்கையை மறக்காதே, நான்கு இடத்திலும் உனக்காக உருகி உருகி வேண்டியது அவள்தான், அவள் கேட்டுத்தான் உனக்கு விசா கிடைத்தது.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது அண்ணா. ஏன் எழுதவில்லை என்று அம்மா கேட்கவில்லை. மிளகாய்த் தூள் பொட்டலத்தின் முடிச்சைத் தடவிப் பார்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு, "நான்தான் முழு மனசா வேண்டல தாமரை. மொத தடவ இல்லன்னு வந்த அன்னைக்கு நான் பாயசம் வச்சது அவன் ஆறுதலுக்கு இல்ல. இத எழுதிறாத" என்றார்.

எழுதிவிட்டேன். நீ இப்போது இரண்டு பேரை மன்னிக்க வேண்டும்.

முடி பத்திரம்.

அன்பு அம்மா,
புஷ்பவல்லி
(கைப்பிடித்து எழுத வைத்தது தாமரை)